பரணிலிருந்து இறங்கிய ராட்டை

காந்தியடிகளின் தன்வரலாற்றைப் படித்தவர்களிலும் பலர் கவனியாது கடந்துவிடும் செய்தி ஒன்று அதன் பிற்பகுதியில் உள்ளது. 1909-இல் எழுதிய ‘இந்திய சுயராஜ்யம்’ என்னும் நூலில் நாட்டின் வறுமைக்கு மருந்தாகக் கைராட்டையை அவர் முன்வைத்தார். ஆனால், அப்போது ராட்டையையோ கைத்தறியையோ தாம் கண்ணால் கண்டதாக நினைவில்லை என்று அவரே கூறுகிறார். 1915-இல் தாயகம் திரும்பிய பின்னும் அவர் ராட்டையைக் காணவில்லை. சத்தியாக்கிரக ஆசிரமத்தில் தறி போட்டாயிற்று, நெசவு கற்றாயிற்று, நூலோ ஆலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. கையால் நூற்பவர் எங்கேனும் இருக்கின்றனரா என்று அவர் தேடிக்கொண்டே இருந்தார். தேடும் பொறுப்பை இறுதியில் ஏற்றவர் கங்காபென் மஜும்தார் என்னும் கைம்பெண். அவர் குஜராத்தில் பல இடங்களில் அலைந்து, பரோடா சமஸ்தானத்தைச் சேர்ந்த விஜாப்பூர் என்னும் ஊரில் ராட்டையைக் கண்டுபிடித்தார்.

அந்த ராட்டைகள் கூடத்திலோ திண்ணையிலோ இருக்கவில்லை, பரணில் கிடந்தன. வேண்டாத சாமான்களோடு சாமானாக, பயனற்றவை என்று ஒதுக்கி ஏற்றிவைக்கப்பட்டு நெடுநாள் ஆகியிருந்தது. அவ்வூர் மக்கள் கங்காபென்னிடம் சொன்னது இதுதான்: நூற்பதற்குரிய பஞ்சுப் பட்டையை ஒழுங்காகக் கொடுத்து, நூற்ற நூலை விலைக்கு வாங்கிக்கொள்வதானால் மீண்டும் நூற்க எங்களுக்குத் தடையில்லை. அடித்துச் சுத்தம் செய்த பஞ்சை விரல் பருமனில் உருட்டி எடுப்பதே பஞ்சுப் பட்டை. அதை முதலில் பம்பாயிலிருந்த உமர் சோபானி தம் ஆலையிலிருந்து அனுப்பி உதவினார். ஆலையின் பட்டையை வாங்கிக் கையால் நூற்பது காந்தியடிகளின் மனத்தை உறுத்தவே, பஞ்சு அடிப்பவர் ஒருவரைக் கங்காபென் தேடிப் பிடித்தார். மாதம் 35 ரூபாய்க்குக் குறையாமல் அவர் சம்பளம் கேட்டார். அக்காலத்தில் அது பெருந்தொகை. காந்தியடிகளோ எந்த விலையும் அதிகமில்லை என்று கருதினார்.

பட்டையைத் தந்தவர் பெயர் வரலாற்றில் இருக்கிறது. பஞ்சு அடித்தவரின் சம்பளம் இருக்கிறது. முதன்முதலாக நெய்த கதர் கெஜம் ஒன்றுக்கு 17 அணா ஆயிற்று என்ற கணக்கும் இருக்கிறது. பரணில் கிடந்த ராட்டையை இறக்கியது யார்? ஒட்டடை துடைத்தது யார்? இறுகிப்போன அச்சுக்கு எண்ணெய் விட்டு அதை மீண்டும் சுழலவைத்தது யார்? கதை அடுத்த வரியிலேயே பஞ்சுப் பட்டைக்குத் தாவிவிடுகிறது. ராட்டையின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் இப்படித் தாவியவர்களே. அவர்கள் தாண்டிச் சென்ற இடத்தில் சற்று நின்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ராட்டையின் அமைப்பை அறியாதவருக்கு இதன் அருமை விளங்காது. கனத்த அடிப்பலகை ஒன்று. அதன் ஒரு முனையில் நட்ட இரண்டு தூண்களுக்கிடையே, அச்சில் பொருத்திய பெரிய சக்கரம். அச்சின் வெளிப்புறத்தில் கைப்பிடி. மறுமுனையில் சிறு தூண்கள். அவற்றில் செருகிய தோல் துண்டுகளின் துளையில் படுத்திருக்கும் மெல்லிய இரும்புக் கம்பி. அதுதான் கதிர். சக்கரத்தையும் கதிரையும் இணைப்பது ஒரு சுற்றுக்கயிறு. சக்கரம் பெரிது, கதிர் ஊசியளவு; ஆகவே சக்கரம் ஒருமுறை சுற்றி வருவதற்குள் கதிர் பல பத்து முறை சுழன்றுவிடும். அச்சுழற்சியே பஞ்சை முறுக்கி நூலாக்குகிறது. வலக்கை கைப்பிடியைச் சுற்ற, இடக்கை பட்டையைப் பிடித்துப் பின்னோக்கி இழுக்கும். இழுக்கும் வேகமும் முறுக்கேறும் வேகமும் ஒத்துப்போக வேண்டும். சக்கரம் ஓரிடத்தில் தயங்கினால் நூல் அவ்விடத்தில் முறுக்குக் குறைந்து பருக்கும்; தாவினால் முறுக்கு மிகுந்து சுருளும்; இரண்டிற்கும் முடிவு அறுதல்.

சக்கரம் தயங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் அழுக்கே. பஞ்சு இருக்குமிடத்தில் பஞ்சுத்தூசு பறக்கும். அத்தூசு எண்ணெய்ப் பசையுள்ள இடம் பார்த்து ஒட்டும். பழைய எண்ணெயும் தூசும் சேர்ந்து நாளடைவில் பிசின்போல் இறுகிவிடும். கதிர் தோல் துண்டுக்குள் நுழையுமிடத்தில் இழைகள் சுற்றிக்கொண்டு கழுத்தை நெரிக்கும். ஆகவே எண்ணெய் விடுவதற்கு முன் துடைத்தாக வேண்டும். கதிரை வெளியே எடுத்து, சுற்றிய இழைகளை ஊசி முனையால் கிழித்து நீக்கி, இறுகிய கசடு இருந்தால் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் தேய்த்து, பின் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். துடைக்கும்போதே கதிர் நேராக உள்ளதா என்றும் பார்த்தாக வேண்டும். மயிரிழை வளைந்தாலும் அதன் முனை நடுங்கும். நடுங்கும் முனையில் சீரான நூல் வராது. வளைந்த கதிரைச் சமதளத்தில் உருட்டி, வளைவைக் கண்டு, மெல்லத் தட்டி நிமிர்த்துவது தனிக் கைத்திறன்.

இதன் பிறகே எண்ணெய். அச்சு தூண்களில் உரசும் இரண்டு இடங்களிலும், கதிர் தோலில் உரசும் இடங்களிலும் ஒரு துளி, இரு துளி போதும். மிகுதியாக விட்டால் அது வழிந்து தூசைச் சேர்க்கும். கதிரோடு ஊர்ந்து வெண்ணூலைக் கறையாக்கும். மாட்டு வண்டி அச்சுக்கு நம்மவர் இட்ட கனத்த வண்டி மை இதற்கு உதவாது. மெல்லிய எண்ணெயே வேண்டும். ஆனால் சுற்றுக்கயிற்றில் எண்ணெய் படவே கூடாது. பட்டால் அது வழுக்கிக்கொண்டு சக்கரத்தின் மேல் சும்மா ஓடும், கதிர் அசையாது. கயிற்றுக்கு வேண்டியது பிடிப்பு. அதற்காகத் தேன்மெழுகையோ குங்கிலியத்தையோ தேய்ப்பர். ஒரே பொறியில் ஓரிடத்தில் வழுக்க வேண்டும், அருகிலேயே பற்ற வேண்டும். எங்கே எது என்பது நாள்தோறும் அமர்ந்து நூற்பவரின் விரலுக்குத்தான் தெரியும்.

நோயுற்றுப் பம்பாயில் படுத்திருந்த காலத்தில் தம் அறையில் ஓடிய ராட்டையின் இன்னொலி, தாம் உடல்நலம் பெற்றதில் சிறு பங்கு வகிக்கவில்லை என்று சொல்ல முடியாது எனக் காந்தியடிகள் குறிப்பிடுகிறார். எண்ணெய் வற்றிய ராட்டை கிறீச்சிடும். நோயாளி அதைக் கேட்டால் தலைவலிதான் மிஞ்சும். ஆகவே அந்த அறையில் ஓடிய ராட்டையைத் துடைத்து எண்ணெய் விட்ட ஒருவர் இருந்திருக்க வேண்டும் என்று நாம் தயங்காமல் கொள்ளலாம்.

இனி, சக்கரத்திற்கு முந்திய காலத்தைச் சிறிது காண்போம். நூற்கும் சக்கரம் நாம் எண்ணுமளவு பழமையானது அன்று. 1237-இல் பாக்தாதில் வரைந்த ஓர் ஓவியத்தில் அது காணப்படுகிறது. ஐரோப்பாவில் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் ஸ்பெயர் நகரத்து நெசவு வணிகர் சங்கம், சக்கரத்தில் நூற்ற நூலைப் பாவுக்குப் பயன்படுத்தலாகாது, ஊடைக்கு மட்டும் கொள்ளலாம் என்று விதித்தது. இந்தியாவில் ஐயமின்றிக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு 1350-இல் இசாமி என்பவர் பாரசீகத்தில் இயற்றிய வரலாற்றுக் காவியத்தில் உள்ளது எனப் பேராசிரியர் இர்ஃபான் ஹபீப் காட்டியிருக்கிறார். தில்லியை ஆண்ட ரஸியா சுல்தானாவைப் பழித்துரைக்கையில், பெண்ணுக்கு உரிய இடம் ராட்டையின் அருகே என்ற கருத்தை இசாமி கூறுகிறார். ராட்டை நம் நாட்டு ஏட்டில் முதன்முதல் தலைகாட்டுவதே ஒரு பெண்ணை அரியணையிலிருந்து இறங்கச் சொல்வதற்காக என்பது வருந்தத்தக்க செய்தியே. சுதேசியத்தின் சின்னமாக நாம் போற்றிய சக்கரம் பாரசீக வழியில் வந்த விருந்தாளியாக இருக்கலாம் என்பதும் பலருக்கு வியப்பளிக்கலாம்.

அதற்கு முன்பு கதிர் மட்டுமே இருந்தது. கையால் திருகித் தொங்கவிடும் கதிருக்கு அச்சும் இல்லை, எண்ணெயும் வேண்டியதில்லை. நீதிமொழிகளின் இறுதி அதிகாரம் போற்றும் இல்லத்தலைவியின் கையில் இருப்பது இதுவே. விடுதலைப் பயண நூலின் 35ஆம் அதிகாரத்தில் சந்திப்புக் கூடாரத்திற்காக நீலமும் கருஞ்சிவப்பும் மெல்லிய நாரும் நூற்றுக் கொண்டுவந்த பெண்கள் கையாண்டதும் இதுவே. உழைப்பதுமில்லை, நூற்பதுமில்லை என்று காட்டுமலர்ச்செடிகளைப் பற்றி ஆண்டவர் கூறியபோது, நாசரேத்து வீட்டில் கதிர் சுழன்ற காட்சி அவர் கண்முன் நின்றிருக்கும் என்று எண்ணுவது தவறாகாது. திருமுறை வரிசையில் சேராத, யாக்கோபின் பெயரால் வழங்கும் பழைய நூல் ஒன்று, கோவில் திரைக்காகக் கருஞ்சிவப்பு நூலை நூற்றுக்கொண்டிருந்த வேளையில் கன்னி மரியாவுக்கு வானதூதர் தோன்றினார் எனக் கூறுகிறது. அந்நூலை நாம் விவிலியமாகக் கொள்வதில்லை. ஆயினும் உரோமையில் புனித மரியா பெருங்கோவிலின் வெற்றி வளைவில், எபேசு பொதுச்சங்கத்திற்கு அடுத்த ஆண்டுகளில், திருத்தந்தை மூன்றாம் சிக்ஸ்துஸ் காலத்தில் பதித்த கற்பதிகை ஓவியத்தில் நம் அன்னை நூலுடன்தான் அமர்ந்திருக்கிறார்.

நம் தமிழிலும் நூற்றவர் பெண்டிரே; அவருள்ளும் துணையற்றவர் மிகுதி. புறநானூற்றின் 326ஆம் பாடலில் பருத்தி நூற்கும் பெண் ஒருத்தி வருகிறாள். அவள் அங்கே நூற்பதில்லை. இரவில் எழுந்து, சிறு விளக்கை ஏற்றி, பருத்தியில் படிந்த செத்தையையும் தூசையும் புடைத்து நீக்குகிறாள். பாடலின் பொருள் வேறு. வேட்டைப் பூனைக்கு அஞ்சிய கோழி ஒன்று அவ்விளக்கொளியில் தன் சேவலைக் கண்டு அச்சம் தணிவதைப் புலவர் காட்ட விரும்பினார். அதற்கு ஓர் ஒளி தேவைப்பட்டது. அதற்காகவே இப்பெண் பாட்டுக்குள் வந்தாள். அவள் ஏன் இரவில் எழுந்தாள்? பகல் நூற்பதற்கு வேண்டும். துப்புரவுக்குக் கிடைப்பது இரவே. இரண்டாயிரம் ஆண்டுகளாக இந்தக் கால அட்டவணை பெரிதும் மாறவில்லை.

இந்த மாறாமையை உடைக்க முயன்ற ஓர் ஏடு நம் திருச்சபை மரபில் உண்டு. 6ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்குநூலைச் சொல்கிறேன். அதன் 31ஆம் அதிகாரம், மடத்தின் பொருள்காப்பாளர் அங்குள்ள கருவிகளையும் உடைமைகளையும் பலிபீடத்தின் திருக்கலங்களாகக் கருத வேண்டும் என்கிறது. அடுத்த அதிகாரத்தில், யாரிடம் எந்தக் கருவி உள்ளது என்று ஆதீனத் தலைவர் பட்டியல் வைத்திருக்க வேண்டும் எனவும், மடத்துப் பொருளை அழுக்காகவோ அசட்டையாகவோ வைத்திருப்பவரைக் கண்டிக்க வேண்டும் எனவும் வருகிறது. திருக்கலத்தையும் மண்வெட்டியையும் ஒரே தட்டில் வைத்த இந்தத் துணிவைப் பலரும் மேற்கோள் காட்டுவர். என்னை அதைவிட ஈர்ப்பது 35ஆம் அதிகாரம். அது சமையலறைப் பணியைப் பற்றியது. வாரப் பணி முடிக்கும் துறவி சனிக்கிழமையன்று துப்புரவு செய்ய வேண்டும். துவாலைகளைத் துவைக்க வேண்டும். பாத்திரங்களைக் கழுவிப் பழுதின்றிப் பொருள்காப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும். அதே நாளில், பணி முடிப்பவரும் பணி ஏற்பவருமாக இருவரும் சேர்ந்து சகோதரர் அனைவருடைய பாதங்களையும் கழுவ வேண்டும். பெரிய வியாழனில் ஆண்டவர் செய்த செயலும் பாத்திரம் தேய்ப்பதும் ஒரே அதிகாரத்தில், ஒரே சனிக்கிழமையில் வருகின்றன. இன்னொன்றும் உண்டு: வாரப் பணியாளருக்கு உணவு வேளைக்கு முன் வழக்கமான அளவுக்கு மேல் சிறிது அப்பமும் பானமும் கொடுக்கச் சொல்கிறார் புனிதர். துப்புரவுக்கு நாள் குறித்தார். பணி செய்பவரின் பசியையும் கணக்கில் எடுத்தார்.

ஆண்டுதோறும் எண்ணெய் மந்திரிப்புத் திருப்பலியில் ஆயர் மூவகை எண்ணெயைப் புனிதப்படுத்துகிறார். விடுதலைப் பயணம் 30ஆம் அதிகாரத்தில் கூடாரமும் மேசையும் விளக்குத்தண்டும் அவற்றின் துணைக்கலங்களும் எண்ணெயால் திருப்பொழிவு பெற்றன. அருளின் எண்ணெயையும் அச்சின் எண்ணெயையும் ஒன்றாக்கிப் பேசுவது எளிது. மறையுரைக்கு அழகாகவும் அமையும். நான் அதைச் செய்யப் போவதில்லை. அருளடையாளம் வேறு, பராமரிப்பு வேறு. கோவில் மணியின் அச்சுக்கு எண்ணெய் விட ஏணியில் ஏறும் கோவில்பிள்ளையின் உழைப்பை உவமையாக்கிவிட்டால், அவர் ஏணியில் ஏறியது மறந்துபோகும்.

காந்தியடிகளின் ஆசிரமம் அந்த ஒழுங்குநூலை அறிந்ததோ இல்லையோ, கருவியைக் குறித்து அதே கண்டிப்பு அங்கும் இருந்தது. மகன்லால் காந்தி என்னும் உறவினர் ராட்டையைத் திருத்துவதிலேயே தம் அறிவைச் செலுத்தினார்; சக்கரமும் துணைக் கருவிகளும் ஆசிரமத்திலேயே உருவாயின. 1928-இல் அவர் மறைந்தபோது காந்தியடிகள் கைம்மை அடைந்தவரைப்போல் கலங்கினார். 1924-இல் காங்கிரஸ் பொறுப்பாளர் ஒவ்வொருவரும் மாதம் 2,000 கெஜம் நூல் நூற்று அனுப்ப வேண்டும் என்று தீர்மானம் வந்தது. வந்து சேர்ந்த சிப்பங்களைக் காந்தியடிகள் அவிழ்த்துப் பார்த்தார். மேடையில் முழங்கிய பலருடைய நூல் நெய்வதற்கே உதவாதிருந்தது. நூல் பொய் சொல்லாது. துடைக்காத கதிரும் வளைந்த கதிரும் கெஜத்துக்குக் கெஜம் அதில் பதிவாகிவிடும். 1925 செப்டம்பரில் பாட்னாவில் அகில இந்திய நூற்போர் சங்கம் தோன்றியபோது உறுப்பினர் கட்டணமும் நூலாகவே வாங்கப்பட்டது.

இச்சங்கம் 1929-இல் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. மேம்பட்ட ராட்டை ஒன்றை உருவாக்குபவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் பரிசு. வெளிநாட்டாரும் கலந்துகொள்ளலாம் என்பதால் 7,700 பவுண்டு என்றும் குறித்திருந்தனர். நிபந்தனைகள் கவனித்துப் படிக்கத்தக்கவை. ராட்டை எளிதில் தூக்கிச் செல்லத்தக்கதாய் இருக்க வேண்டும். சிற்றூர்க் குடிசையில் கையாலோ காலாலோ இயங்க வேண்டும். ஒரு பெண் பெருஞ்சிரமமின்றி எட்டு மணி நேரம் தொடர்ந்து ஓட்டத்தக்கதாக இருக்க வேண்டும். அந்நேரத்தில் 12 முதல் 20 நம்பர் வரையிலான நூல் 16,000 அடி தர வேண்டும். விலை 150 ரூபாயைத் தாண்டலாகாது. இதுவரை எந்தப் பொறியாளரும் கேட்கக்கூடியவையே. அடுத்த நிபந்தனைதான் அருமையானது: உரிய காலத்தில் பராமரித்து வந்தால் அது 20 ஆண்டு இடையறாது ஓட வேண்டும்; தேய்ந்த உறுப்புகளை மாற்றும் செலவு ஆண்டுக்கு அதன் விலையில் 5 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது.

அதாவது, 150 ரூபாய் ராட்டைக்கு ஆண்டுச் செலவு ஏழரை ரூபாய். அவ்வளவுதான் அந்த வீடு தாங்கும் என்று கணக்கிட்டிருக்கின்றனர். எவ்வளவு நூற்கும் என்பதோடு நிறுத்தாமல், பழுதானால் யார் சரிசெய்வார், அதற்கு அவள் பையிலிருந்து என்ன போகும் என்றும் கேட்ட கேள்வி இது. பரணுக்கு ஏறிய ராட்டைகளை நேரில் கண்டறிந்தவர்களுக்கே இக்கேள்வி தோன்றும். எந்திரங்கள் சில வந்தன, சோதிக்கப்பட்டன, நிபந்தனைகள் அனைத்தையும் நிறைவேற்றியது ஒன்றுமில்லை. பரிசு யாருக்கும் கிட்டவில்லை. இதைத் தோல்வி என்பார் உண்டு. தகுதியற்ற பொறிக்குப் பரிசளித்து அதை இலட்சம் வீடுகளில் இறக்கிவிடாமல் காத்த நேர்மையாகவே எனக்கு இது தோன்றுகிறது.

அதே 1929-ஆம் ஆண்டு மே மாதம், தஞ்சையில் பிறந்த தமிழ்க் கிறிஸ்தவர் ஒருவர் சபர்மதி ஆசிரமத்திற்குள் நுழைந்தார். இலண்டனில் கணக்காயராகப் பயின்று, அமெரிக்காவில் பொருளியல் படித்துவந்தவர். பட்டு உடுப்பும் கைத்தடியுமாக வந்தார். குறித்த நேரத்திற்குச் சற்று முன்னரே வந்துவிட்டதால், மரத்தடியில் சாணம் மெழுகிய தரையில் அமர்ந்து நூற்றுக்கொண்டிருந்த முதியவர் ஒருவரைத் தடியில் சாய்ந்தபடி வேடிக்கை பார்த்து நின்றார். அதற்குமுன் அவர் ராட்டையைக் கண்டதில்லை. சில நிமிடங்கள் சென்றபின் முதியவர் பொக்கைவாய்ச் சிரிப்போடு, “நீங்கள்தாம் குமரப்பாவா?” என்று கேட்டபோதுதான், தாம் காண வந்த காந்தியடிகள் அவரே என்பது விளங்கிற்று. பட்டு உடுப்போடு தரையில் அமர்ந்தார் ஜே. சி. குமரப்பா. 1934-இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் உயிர்நாடியாக விளங்கியவர் அவரே. அச்சங்கம் அமைந்த வார்தா வளாகத்திற்கு, ராட்டையைத் திருத்திய மகன்லாலின் நினைவாக ‘மகன்வாடி’ என்று பெயர். இவர் நம் சபையைச் சேர்ந்தவரல்லர். எனினும் கருவி உழைப்பவனுக்கு அடங்கியிருக்க வேண்டும், உழைப்பவன் கருவிக்கு அடிமையாகலாகாது என்ற அவருடைய கொள்கைக்கும், 1981-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மனித உழைப்பைக் குறித்து வெளியிட்ட சுற்றுமடலின் போதனைக்கும் உள்ள உறவை நம் இளைஞர் மன்றங்கள் படித்தறிய வேண்டும்.

கூலிக் கேள்வி 1935-இல் எழுந்தது. நூற்பவர் எட்டு மணி நேரம் உழைத்தாலும் கைக்கு வருவது மிகச் சிறு தொகையே என்பது காந்தியடிகளை வாட்டிற்று. எட்டு மணி உழைப்பிற்கு எட்டணாவாவது வேண்டும் என்று அவர் வாதிட்டார். கதர் விலை உயர்ந்து விற்பனை படுத்துவிடும் என்று உடனுழைத்தோரே அஞ்சினர். முடிவில் சங்கம் கூலியை உயர்த்த இசைந்தது. ஆயினும் எட்டணா எட்டாக் கனியாகவே நின்றது. கூலி நூலின் அளவைப் பார்த்தே அளக்கப்பட்டது. கதிரை எடுத்துத் துடைத்த நேரமும், நிமிர்த்திய நேரமும், கயிற்றுக்கு மெழுகு தேய்த்த நேரமும் எந்த அளவுகோலிலும் ஏறவில்லை. ஆசீர்வாதப்பரின் சனிக்கிழமை இங்கே இல்லை.

விடுதலை நெருங்குகையில் ராட்டை கொடியில் இருந்தது. 1947 ஜூலை 22-இல் அரசியல் நிர்ணய சபை தேசியக் கொடியை ஏற்றபோது ராட்டைக்குப் பதில் அசோகச் சக்கரம் அமைந்தது. நேரு கூறிய காரணம் நடைமுறை சார்ந்தது. முழு ராட்டையை வரைந்தால் ஒருபுறம் சக்கரமும் மறுபுறம் கதிருமாக அமையும். கொடியின் பின்புறம் பார்ப்பவருக்கு அது இடம்வலம் மாறித் தோன்றும். ஆகவே சக்கரத்தை மட்டும் வைத்துக்கொண்டு கதிரையும் கயிற்றையும் விட்டுவிட்டனர். காந்தியடிகளுக்கு இதில் மனவருத்தம் இருந்தது. சமச்சீர் கருதி அம்முடிவு சரியே என்று நானும் ஒப்புவேன். ஆனால் விடுபட்டது எது என்று எண்ணிப் பாருங்கள்: நூல் உண்மையில் பிறக்கும் இடம், தூசு சுற்றும் இடம், எண்ணெய் வேண்டும் இடம்.

காந்தியடிகளின் மறைவுக்குப் பின், பரிசுப் போட்டி தேடிய எந்திரத்தின் சாயலில் ஒன்று தமிழகத்திலிருந்து வந்தது. திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் உருவாக்கிய அதற்கு அவர் பெயரின் ஒரு பகுதியாலேயே ‘அம்பர் சர்க்கா’ என்று பெயரிட்டனர். ஆலைப் பொறியில் உள்ளதுபோல் உருளைகள் பஞ்சை இழுத்து நீட்ட, ஒரு கைப்பிடியில் பல கதிர்கள் சுழன்றன. 1956-இல் நடுவண் அரசு குழு அமைத்து அதை ஆராய்ந்தது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் அதற்குப் பெரும் இடம் கிடைத்தது. நூற்பவரின் வருவாய் பழைய ராட்டையைவிட உயர்ந்தது என்பதை மறுக்க இயலாது. ஆனால் பல் சக்கரங்களும் உருளைகளும் கூடியபோது எண்ணெய் விடவேண்டிய இடங்களும் கூடின. பழைய ராட்டை பழுதானால் உள்ளூர்த் தச்சர் போதும்; இதற்கு உறுப்பு வாங்கி மாற்றத் தெரிந்தவர் வேண்டும். அவர் வராத ஊர்களில் பல அம்பர்கள் ஓடாமல் நின்றன. விஜாப்பூரின் பரண்கள் வேறு உருவில் மீண்டும் நிறையத் தொடங்கின.

காந்தியடிகள் எரவாடா சிறையில் பயன்படுத்திய மடக்கு ராட்டை ஒன்றை 1935-இல் அமெரிக்க மறைப்பணியாளர் ஃபிளாய்டு பஃபருக்கு அளித்தார். உழவருக்காக மூங்கில் கலப்பை அமைத்தவர் அவர். கருவி செய்பவருக்குக் கருவியே பரிசாயிற்று. 2013 நவம்பரில் அந்த ராட்டை இங்கிலாந்தில் ஏலத்திற்கு வந்து 1,10,000 பவுண்டுக்கு விலைபோயிற்று. சங்கம் அறிவித்த பரிசுத் தொகையைப்போல் பதினான்கு மடங்குக்கும் மேல். அதில் இனி யாரும் நூற்கப் போவதில்லையாதலால் பராமரிப்புச் செலவும் இல்லை.

நூற்பவர்கள் இன்னமும் இருக்கின்றனர். நம் மாநிலத்துச் சர்வோதய சங்கங்களின் நூற்புக் கூடங்களில் இரும்புச் சட்டத்தில் பல கதிர்கள் பொருத்திய புதுமாதிரி ராட்டைகளைச் சுற்றுபவர்கள் பெரும்பாலும் பெண்களே. கூலி இன்றும் சிட்டக் கணக்கில்தான். தூசு தட்டி, உருளையில் சுற்றிய பஞ்சை அறுத்தெடுத்து, எண்ணெய் விட்ட பிறகே முதல் சிட்டத்தின் முதல் இழை தொடங்குகிறது. நம் பங்குகளில் பீடத் துணிக்கும் அங்கிக்கும் கதர் வாங்குவோர் உண்டு. அடுத்த முறை வாங்கும்போது, நூற்பவருக்குச் சிட்டம் ஒன்றுக்கு என்ன கொடுக்கிறார்கள், ராட்டையைத் துடைத்து எண்ணெய் விடும் நேரம் அதில் சேருமா என்று விற்பனையாளரிடம் கேட்டுப் பார்க்கலாம். அவருக்கு விடை தெரியாமலிருக்கலாம். நூற்புக் கூடம் எந்த ஊரில் இருக்கிறதென்று அவரால் சொல்ல முடியும். அங்கே போய்க் கேட்கலாம்.